லண்டனில் பழைய எஸ்டேட் கார்: டீசலா, பெட்ரோலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வெளியே நிற்கும் பெற்றோரிடையே எப்படியும் கார் பேச்சு வந்துவிடும். இரண்டாவது குழந்தை பிறந்த வீடு, ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து தங்கியிருக்கும் வீடு, சின்ன கார் போதாமல் போன வீடு எல்லாம் கடைசியில் இதே கேள்விக்குத்தான் வந்து நிற்கின்றன. மாதத்தில் இரண்டு மூன்று பேராவது என்னிடம் கேட்கிறார்கள். நான் மெக்கானிக் இல்லை. டீசல் எஸ்டேட் ஒன்று, பெட்ரோல் எஸ்டேட் ஒன்று என இரண்டையும் பழையதாக வாங்கி, இரண்டையும் வருடக்கணக்கில் ஓட்டியவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எஸ்டேட் கார் என்றால் என்ன? ஏழு சீட் வண்டி வாங்கினால் ஆகாதா?

நம் ஊரில் இந்த வகை அதிகம் ஓடவில்லை என்பதால் பலருக்கு இது புதிது. சாதாரண காரின் கூரையைப் பின்பக்கம் கடைசிவரை நீட்டி, டிக்கியைப் பெரிதாக்கி, மேலே திறக்கும் கதவு வைத்தால் எஸ்டேட். சீட் ஐந்துதான். ஆனால் டிக்கி? ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட்டில் மூன்றாம் தலைமுறைக்கே 610 லிட்டர், சுப்பர்ப் எஸ்டேட்டில் 660 லிட்டர், ஃபோக்ஸ்வாகன் பஸ்ஸாட் எஸ்டேட்டில் 650 லிட்டர். குழந்தையின் தள்ளுவண்டியை மடித்து வைத்த பிறகும் இரண்டு மூட்டை அரிசிக்கும் ஒரு வாரத்துக் காய்கறிக்கும் இடம் இருக்கும். ஏழு சீட் வண்டியில் மூன்றாவது வரிசையைத் தூக்கிவிட்டால் பின்னால் பெரும்பாலும் ஒரு பை வைக்கும் இடம்தான் மிஞ்சும். ஹீத்ரோவிலிருந்து ஊர்ப் பெட்டிகளோடு ஆட்களை ஏற்றி வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எப்போதும் ஆறு ஏழு பேர் போகிற குடும்பம் என்றால் ஏழு சீட்டே வாங்குங்கள். நான்கைந்து பேர், சாமான் அதிகம் என்றால் எஸ்டேட்தான்.

டீசல்தானே மலிவு? எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இது ஊரிலிருந்து நம்மோடு கூடவே வந்த நினைப்பு. தமிழ்நாட்டில் பெட்ரோல் பங்கில் டீசல் விலை பெட்ரோலைவிடக் குறைவு. ‘டீசல் வண்டி என்றால் சிக்கனம்’ என்பது அங்கே வளர்ந்த யாருக்கும் மனதில் பதிந்த விஷயம். பிரிட்டனில் அது பொருந்தாது. இங்கே எரிபொருள் வரி இரண்டுக்கும் ஒன்றுதான். 2022 மார்ச்சில் அதை லிட்டருக்கு 52.95 பென்ஸாக இறக்கியபோதும் இரண்டுக்கும் ஒன்றாகவே இறக்கினார்கள். அதற்கு மேல் 20 சதவீத வாட் (விற்பனை வரி). பங்கில் டீசல்தான் பொதுவாகச் சில பென்ஸ் கூடுதலாக இருக்கும்.

அப்படியென்றால் இந்த நாட்டிலும் இத்தனை டீசல் கார் எப்படி வந்தது? 2001-ல் ரோடு டாக்ஸை, கார் வெளிவிடும் கார்பன் டை ஆக்ஸைடின் அளவோடு இணைத்தார்கள். டீசல் ஒரு மைலுக்குக் குறைந்த கார்பனை விடுவதால் வரி குறைந்தது, கம்பெனி கார்கள் டீசலுக்கு மாறின. 2010களின் முதல் பாதியில் புதிதாக விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி டீசல். இன்று பழைய கார் சந்தையில் நீங்கள் பார்க்கும் எஸ்டேட்களில் பாதிக்கு மேல் டீசலாக இருப்பதற்குக் காரணம் அதுதான். மோட்டார்வேயில் நாள் முழுக்க ஓடிய விற்பனைப் பிரதிநிதிகளுக்காக வாங்கப்பட்ட கார்கள் அவை. பிள்ளைகளை ஒரு மைல் தூரப் பள்ளியில் இறக்கிவிடும் வீட்டை நினைத்து யாரும் அவற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை.

மைலேஜ் டீசலில்தானே அதிகம்? கணக்கு எப்படிப் போடுவது?

அதிகம்தான், அதில் சந்தேகம் இல்லை. ஒரே எடையுள்ள எஸ்டேட்டில் டீசல் கேலனுக்கு 50 மைல் கொடுத்தால் பெட்ரோல் 40 கொடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்குக்காக டீசல் லிட்டர் 1.42 பவுண்டு, பெட்ரோல் 1.35 பவுண்டு என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் பங்கின் இன்றைய விலையைப் போட்டுப் பாருங்கள்.

பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். வருடம் 10,000 மைல் ஓடினால் டீசலுக்கு 909 லிட்டர், சுமார் 1,291 பவுண்டு. பெட்ரோலுக்கு 1,136 லிட்டர், சுமார் 1,534 பவுண்டு. மிச்சம் 243 பவுண்டு.

இப்போது லண்டனுக்குள்ளேயே ஓடும் வீட்டைப் பார்ப்போம். வருடம் 5,000 மைல்தான். சிக்னலும் நெரிசலுமாக டீசல் 42, பெட்ரோல் 34 என்று இறங்கிவிடும். டீசல் செலவு சுமார் 768 பவுண்டு, பெட்ரோல் 902. மிச்சம் 134 பவுண்டு, மாதத்துக்குப் பதினொன்று. அந்தப் பதினொரு பவுண்டுக்காக எந்தத் தலைவலியை ஏற்றுக்கொள்கிறோம் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் இருக்கும் எம்பிஜி (கேலனுக்கு எத்தனை மைல்) எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 2017, 2018 வரை வந்த மாடல்கள் பழைய ஆய்வகச் சோதனை முறையில் அளக்கப்பட்டவை. ‘70 எம்பிஜி’ என்று போட்டிருக்கும் டீசல் சாலையில் ஐம்பதைத் தாண்டினாலே நல்ல ஓட்டம். புதிய முறை உண்மைக்குக் கொஞ்சம் அருகில் வருகிறது.

டிபிஎஃப், டிபிஎஃப் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

டீசல் எரியும்போது புகைக்கரி வரும். அது வெளியே போகாமல் பிடித்து வைக்க சைலன்சர் பாதையில் ஒரு வடிகட்டி இருக்கிறது. அதுதான் டிபிஎஃப். யூரோ என்பது கார் புகைக்கான ஐரோப்பிய விதி, எண் கூடக் கூடக் கடுமை. யூரோ 5, யூரோ 6 டீசல் எல்லாவற்றிலும் டிபிஎஃப் உண்டு. வடிகட்டி என்றால் நிரம்பத்தானே செய்யும்? நிரம்பியதை எரித்துச் சாம்பலாக்கிக் கொள்ளும் வேலையைக் கார் தானே செய்கிறது. மோட்டார்வேயில் போகும்போது சூட்டிலேயே கரி மெல்ல எரிந்துவிடும். அது போதாதபோது என்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தி வடிகட்டியை ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடாக்கும். இதற்குப் பத்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும்.

பள்ளி ஒரு மைல், கடை ஒன்றரை மைல், கோயில் மூன்று மைல் என்று ஓடும் காருக்கு அந்த இருபது நிமிடம் கிடைப்பதே இல்லை. எரிக்க ஆரம்பிக்கும், நீங்கள் வீட்டு வாசலில் அணைத்துவிடுவீர்கள். மறுநாளும் அப்படியே. ஒவ்வொரு முறையும் பாதியில் நின்ற கூடுதல் டீசலில் கொஞ்சம் என்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் மட்டம் தானாக ஏறினால் அது நல்ல செய்தி இல்லை. ஆயில் நீர்த்துப்போகிறது என்று அர்த்தம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2017-ல் நான்கு வயதான ஒரு டீசல் எஸ்டேட் வாங்கினேன். அதற்கு முன் வைத்திருந்தவர் தினமும் ரெடிங்கிலிருந்து மோட்டார்வேயில் போய்வந்தவர், கார் பட்டுப்போல ஓடியது. எங்கள் வீட்டுக்கு வந்தபின் அதன் வேலை ஹாரோவுக்குள் சுற்றுவது. பதினான்கு மாதத்தில் டிபிஎஃப் விளக்கு எரிந்தது. ஒரு கராஜில் மருந்து ஊற்றிச் சுத்தம் செய்து பணம் வாங்கினார்கள். மூன்று மாதத்தில் மறுபடியும் எரிந்தது. இரண்டாவது கராஜில் வயதான மெக்கானிக் ஒருவர், காரைத் திறந்து பார்க்கும் முன் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள்?” பதிலைக் கேட்டுவிட்டு, “வாரம் ஒருமுறை எம்1 மோட்டார்வேயில் ஏறி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாங்க, இல்லையென்றால் விற்றுவிடுங்க” என்றார். நான் முதலாவதைச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போவதற்கு இடமே இல்லாமல் லூட்டன் வரை போய்த் திரும்பி வந்தேன். மிச்சம் பிடித்த டீசல் அந்த ஓட்டத்திலேயே போயிற்று.

புதிய டிபிஎஃப் மாற்ற ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகலாம். சிலர் “அதை வெட்டி எடுத்துவிடலாம், நிறையப் பேர் செய்கிறார்கள்” என்பார்கள். செய்யாதீர்கள். டிபிஎஃப் எடுத்த காரைச் சாலையில் ஓட்டுவது சட்டவிரோதம், எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையிலும் தேறாது. 2018 மே முதல் டிபிஎஃப் உள்ள காரில் கண்ணுக்குத் தெரியும் புகை வந்தாலே எம்ஓடி போய்விடும்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களிடம் நான் எரிபொருளைப் பற்றிப் பேசும் முன் அவர்களின் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்கிறேன். நாம் கார் பார்க்கும்போது கோடை விடுமுறையில் ஸ்காட்லாந்து போவதையும் பாரிஸ் போவதையும் கற்பனை செய்துகொண்டுதான் பார்க்கிறோம். அது வருடத்தில் இரண்டு முறை. மீதி நாளெல்லாம் செவ்வாய்க்கிழமைதான். உங்கள் செவ்வாய்க்கிழமையில் முப்பது மைல் மோட்டார்வே இருந்தால் டீசல் உங்களுக்கானது. இல்லையென்றால் இல்லை.

யூலெஸ் விஷயத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

லண்டனில் வீடு என்றால் இதுதான் முதல் சல்லடை. யூலெஸ் என்பது அதிகப் புகை விடும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் லண்டன் மண்டலம். 2019 ஏப்ரலில் நகர மையத்தில் தொடங்கியது. 2021 அக்டோபரில் நார்த் சர்க்குலர், சவுத் சர்க்குலர் வரை வந்தது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் பெருநகரம் முழுவதும். விதிக்குள் வராத கார் ஒரு நாள் ஓடினால் 12.50 பவுண்டு. கிறிஸ்துமஸ் தவிர எல்லா நாளும், இருபத்துநான்கு மணி நேரமும். நாள் கணக்கு நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடியும். இரவு பதினொன்றரைக்கு விமான நிலையத்துக்குக் கிளம்பி ஒன்றரைக்குத் திரும்பினால் இரண்டு நாள் கட்டணம்.

பெட்ரோல் யூரோ 4 ஆக இருந்தால் போதும், டீசல் யூரோ 6 ஆக இருக்க வேண்டும். “2008 பெட்ரோலை விடுகிறான், 2014 டீசலைப் பிடிக்கிறானே, இது என்ன நியாயம்?” என்று கோபப்படுபவர்கள் உண்டு. காரணம் நைட்ரஜன் ஆக்ஸைடுதான். யூரோ 4 பெட்ரோலுக்கு அனுமதித்த அளவு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம். யூரோ 6 டீசலுக்கும் அதே 80. யூரோ 5 டீசலுக்கு 180. இரண்டு எரிபொருளுக்கும் ஒரே கோட்டைத்தான் போட்டிருக்கிறார்கள்.

பெட்ரோல் 2006-க்குப் பிந்தையது என்றால் கவலை இல்லை. டீசல் 2015 செப்டம்பர் முதல், அதாவது நம்பர் பிளேட்டில் 65 என்று வருவது முதல் யூரோ 6. ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது. கையிருப்பில் இருந்த யூரோ 5 கார்கள் சில அதற்குப் பிறகும் பதிவாயின. அதேபோல 2014 கார்களில் சில முன்கூட்டியே யூரோ 6 ஆக வந்தன. வருடத்தை மட்டும் பார்க்காதீர்கள், விற்பவர் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள். லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் காரின் பதிவெண்ணைப் போட்டால் கட்டணம் உண்டா இல்லையா என்று உடனே காட்டும். முன்பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்.

என்னுடைய அந்த டீசல் யூரோ 5. 2023 கோடையில் எங்கள் தெருவில் அதுபோன்ற கார்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. லண்டனுக்கு வெளியே இருந்து வந்த ஒருவருக்கு நான் கேட்டதைவிட வெகுவாகக் குறைத்துக் கொடுத்தேன். அவர் தினமும் மோட்டார்வேயில் போகிறவர். கார் மறுபடியும் அதற்கு ஏற்ற வேலைக்குப் போயிற்று.

பர்மிங்ஹாம், பாரிஸ் எல்லாம் போவோம். அங்கே?

பர்மிங்ஹாம் மையப் பகுதியில் 2021 ஜூனிலிருந்து கட்டணம், காருக்கு 8 பவுண்டு. பிரிஸ்டலில் 2022 நவம்பரிலிருந்து, 9 பவுண்டு. அளவுகோல் லண்டனுடையதேதான். கிளாஸ்கோவில் கட்டணமே இல்லை, விதிக்குள் வராத கார் நுழைந்தால் நேராக அபராதம்.

பிரான்சில் கிரிட்ஏர் என்ற ஸ்டிக்கர் முறை. யூரோ 5, யூரோ 6 பெட்ரோலுக்கு 1-ஆம் எண் ஸ்டிக்கர். டீசல் எவ்வளவு புதிதானாலும் 2-க்கு மேல் ஏறாது. பாரிஸின் லா ஷப்பேலில் கடை பார்க்கவும் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகிறவர்கள் கிளம்பும் முன் அந்த வாரத்து விதியைப் பார்த்துவிடுங்கள். அங்கே அரசியலில் இது இழுபறியாகவே இருக்கிறது.

ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். பெட்ரோல் இழுக்குமா?

இங்கே டீசலுக்கு உரிய மரியாதையைக் கொடுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் 2.0 டிடிஐ 150 குதிரைத்திறன் டீசல் என்ஜினின் முறுக்குவிசை (டார்க்) 340 நியூட்டன் மீட்டர். அதே 150 குதிரைத்திறன் கொண்ட 1.4 டிஎஸ்ஐ பெட்ரோலில் 250. ஐந்து பேரும் பெட்டிகளும் கூரைப் பெட்டியுமாக வேல்ஸ் மலைப்பாதையில் ஏறும்போது இந்த வித்தியாசம் காலில் தெரியும். டீசல் கியர் மாற்றாமல் ஏறும். பெட்ரோல் ஒரு கியர் இறங்கிக் கொஞ்சம் சத்தம் போட்டு ஏறும். ஏறாமல் நிற்காது. டர்போ உள்ள பெட்ரோலாக இருந்தால் குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். கேரவன் இழுக்கிறவர்கள், வாரம்தோறும் கேட்டரிங் பாத்திரங்களோடு லெஸ்டர், கொவென்ட்ரி என்று போகிறவர்கள் டீசலையே பாருங்கள். அவர்களுக்கு வேறு பதில் சொல்வது தப்பு.

ரோடு டாக்ஸ்?

2017 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான காருக்கு டீசலோ பெட்ரோலோ ஒரே தொகை, 2025-26-ல் 195 பவுண்டு. அதற்கு முந்தைய காருக்குக் கார்பன் அளவுப்படி. நூறு கிராமுக்குள் வரும் சின்ன டீசல் எஸ்டேட்களுக்கு முன்பு வரியே இல்லை, 2025 ஏப்ரல் முதல் 20 பவுண்டு. இதற்காக மட்டும் டீசல் வாங்குபவர்கள் உண்டு. ஆனால் அவற்றில் பல யூரோ 5. லண்டனில் தினமும் ஓட்டினால், 195-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வார யூலெஸ் கட்டணத்திலேயே போய்விடும்.

பெட்ரோலில் பிரச்சினையே இல்லையா?

இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் வந்த சின்ன டர்போ பெட்ரோல்களில் ஒரு வகை இருக்கிறது. அதில் டைமிங் பெல்ட் (என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டை) என்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பெஷோ சிட்ரோயன் கார்களில் வரும் 1.2 பியூர்டெக் ஆகியவற்றில் இந்த அமைப்பு வந்தது. தவறான ஆயில் ஊற்றினாலோ ஆயில் மாற்றத் தாமதித்தாலோ பெல்ட் துகள் துகளாக உதிர்ந்து ஆயில் போகும் வழியை அடைக்கும். அதன்பின் என்ஜினே போய்விடலாம். இந்த என்ஜின்கள் உள்ள எஸ்டேட்கள் சந்தையில் மலிவாக நிறையக் கிடைக்கும். ஒவ்வொரு சர்வீஸும் நேரத்துக்கு, சரியான ஆயிலோடு நடந்ததற்கு ரசீது இருந்தால் மட்டும் யோசியுங்கள். டைமிங் செயின் உள்ளதோ, வெளியே உலர்ந்து ஓடும் பெல்ட் உள்ளதோ கிடைத்தால் மனதுக்கு நிம்மதி.

இன்னொன்று, 2021 செப்டம்பர் முதல் பங்கில் சாதாரண பெட்ரோல் என்பது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. 2011-க்குப் பிந்தைய கார்களுக்குப் பிரச்சினை இல்லை. அதைவிடப் பழையதென்றால் அரசின் இணையதளத்தில் மாடலைப் போட்டுப் பாருங்கள்.

ஹைபிரிட் எஸ்டேட் எப்படி?

பெட்ரோல் என்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தது ஹைபிரிட். லண்டனுக்குள் ஓடும் குடும்பம் என்றால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். டொயோட்டா ஆரிஸ் டூரிங் ஸ்போர்ட்ஸ் 2013-லிருந்து, கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ் 2019-லிருந்து. இரண்டும் டெர்பிஷயரில் பர்னாஸ்டன் தொழிற்சாலையில் செய்தவை. 1.8 கொரோலாவின் டிக்கி 596 லிட்டர், ஆரிஸில் 530. நெரிசலில் நின்று நின்று போகும்போதுதான் ஹைபிரிட் தன் வேலையைக் காட்டும். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியை பேட்டரியில் சேர்த்து, அடுத்த சிக்னலில் அதையே செலவழிக்கும். டீசல் தடுமாறும் அதே பள்ளி ஓட்டத்தில் இது 55 எம்பிஜி சாதாரணமாகக் கொடுக்கும். கிளட்ச் இல்லை, டர்போ இல்லை, டிபிஎஃப் இல்லை. டொயோட்டாவின் சொந்த சர்வீஸ் மையத்தில் வருடாந்திர சர்வீஸ் செய்தால் பத்து வயது அல்லது 1,00,000 மைல் வரை வாரண்டியும் நீள்கிறது.

குறை? மோட்டார்வேயில் வேகமாக ஏறும்போது என்ஜின் இரைச்சல், முழுச் சுமையில் மெதுவான வேகம். அப்புறம் ஒரு திருட்டுப் பிரச்சினை. ஹைபிரிட்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் (புகையைச் சுத்தமாக்கும் பாகம்) உள்ள விலை உயர்ந்த உலோகத்துக்காக அதை அறுத்து எடுத்துப் போகிறார்கள். ஆரிஸ் அவர்களுக்குப் பிடித்த கார். தெருவில் நிறுத்துகிறவர்கள் அதன் மேல் பூட்டும் இரும்புக் கவசம் போட்டுவிடுங்கள்.

எட்டு வயது டீசல், 28,000 மைல்தான் ஓடியிருக்கிறது. நல்ல பேரம்தானே?

பெட்ரோலாக இருந்தால் உடனே போய்ப் பாருங்கள் என்பேன். டீசலில் இந்த எண்ணைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வருகிறது. எட்டு வருடத்தில் 28,000 மைல் என்றால் நாளுக்குப் பத்து மைல்கூட இல்லை. அது முழுக்கப் பள்ளியும் கடையும். டிபிஎஃப் பாதி நிரம்பியிருக்கும், புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வில் கரி படிந்திருக்கும். அதே விலையில் மோட்டார்வேயில் 90,000 மைல் ஓடி, எல்லா சர்வீஸும் செய்த டீசல் நிற்கிறது என்றால் நான் அதைத்தான் எடுப்பேன். ஊரில் ‘குறைந்த கிலோமீட்டர்’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று வளர்ந்த நமக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

இந்தக் கேள்வியை ஒரு அம்மா கேட்டார். அன்றிலிருந்து இதைத் தவறாமல் சொல்கிறேன். லூயிஷமில் சவுத் சர்க்குலர் சாலைக்கு அருகே வாழ்ந்த ‘எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா’ (Ella Adoo-Kissi-Debrah) என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவள் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று தீர்ப்பளித்தார். பிரிட்டனில் ஒருவரின் இறப்புச் சான்றிதழில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல்முறை. சாலையோரத்து நைட்ரஜன் டை ஆக்ஸைடில் பெரும் பங்கு பழைய டீசல்களிலிருந்து வருவது. அந்த ஊரில்தான் நம் பிள்ளைகளும் பள்ளி வாசலில் நிற்கிறார்கள்.

டீசல் கார்பனைக் குறைக்கிறதே என்றால், ஆம், கொஞ்சம். ஆனால் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.6 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு, பெட்ரோலில் 2.3. மேலே போட்ட 10,000 மைல் கணக்கில் லிட்டர் இருபது சதவீதம் குறைந்தாலும் கார்பன் குறைவது பத்து சதவீதத்துக்கும் கீழே. பின்னாளில் வந்த யூரோ 6 டீசல்கள், சாலையிலேயே அளந்து சோதித்தவை, முன்பைவிட எவ்வளவோ சுத்தம். வாங்கினால் 2019 செப்டம்பருக்குப் பிந்தையதாகப் பாருங்கள்.

ஃபோக்ஸ்வாகன் மோசடியில் சிக்கிய டீசலை வாங்கலாமா?

2015 செப்டம்பரில் அமெரிக்க அதிகாரிகள் வெளிக்கொண்டு வந்த விவகாரம் அது. சோதனையில் மட்டும் சுத்தமாக நடிக்கும் மென்பொருள், உலகம் முழுவதும் சுமார் 1.1 கோடி கார்களில். ஐரோப்பாவில் அது பெரும்பாலும் இஏ189 வகை யூரோ 5 என்ஜின். லண்டன்வாசிகளுக்கு அவை ஏற்கனவே யூலெஸில் விழுந்துவிட்டன, அதனால் கேள்வியே இல்லை.

கார் பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

வீட்டிலிருந்தே பாதி வேலை முடிந்துவிடும். அரசின் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டால் எம்ஓடி வரலாறு இலவசமாக வரும். ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல், எதில் தோற்றது, எதை எச்சரித்தார்கள் எல்லாம். வருடத்துக்கு 15,000 மைல் ஓடிய கார் திடீரென்று 3,000-க்கு இறங்கியிருந்தால், டீசலாக இருந்தால், அந்தக் கடைசி வருடங்களைப் பற்றிக் கேளுங்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்று தனியே பணம் கட்டிப் பார்ப்பதும் அவசியம்.

போகும் முன் போன் செய்து, நான் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். போனவுடன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கலாம். டீசலின் சைலன்சர் குழாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடையுங்கள். டிபிஎஃப் சரியாக இருக்கும் காரில் குழாய் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும், கன்னங்கரேலென்று மை வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது இல்லவே இல்லை. ஆயில் மட்டத்தைப் பாருங்கள், மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் மேலே சொன்ன கலப்பு. கிளட்ச் காலில் அதிர்ந்தால், நின்ற இடத்தில் கடகடவென்று சத்தம் வந்தால் டூயல் மாஸ் ஃபிளைவீல் (என்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் சக்கரம்) தேய்ந்திருக்கும், அது பெரிய செலவு. கடைசியாக, பின்சீட்டை மடித்து உங்கள் வீட்டுத் தள்ளுவண்டியை டிக்கியில் வைத்துப் பாருங்கள். லிட்டர் கணக்கு காகிதத்தில் சரியாக இருந்தும் திறப்பு குறுகலாக இருக்கும் கார்கள் உண்டு.

ஆட்புளூ ஊற்ற வேண்டுமாமே?

யூரோ 6 டீசல்களில் பலவற்றுக்கு. யூரியா 32.5 சதவீதம், மீதி சுத்தமான தண்ணீர்; நைட்ரஜன் ஆக்ஸைடை உடைக்க அது சைலன்சர் பாதையில் தெளிக்கப்படுகிறது. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை நீங்களே நீல மூடியைத் திறந்து ஊற்றிக்கொள்ளலாம். தீர்ந்துபோகும் முன் கார் பலமுறை எச்சரிக்கும். முழுக்கத் தீர்ந்து என்ஜினை அணைத்துவிட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. டீசல் டேங்கில் மட்டும் தவறி ஊற்றிவிடாதீர்கள்.

வீட்டில் ஒரு பெட்ரோல் கார், ஒரு டீசல் கார். மாற்றி ஊற்றிவிட்டால்?

பெட்ரோல் காரில் டீசல் ஊற்றும் தவறு பெரும்பாலும் நடக்காது, ஏனென்றால் டீசல் குழல் தடிமனானது, பெட்ரோல் காரின் வாய்க்குள் நுழையாது. பெட்ரோல் குழல் மெல்லியது, டீசல் காருக்குள் எளிதாகப் போய்விடும். அதனால் நடப்பது அநேகமாக டீசல் காரில் பெட்ரோல். தெரிந்த அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். சாவியைத் திருப்பவே வேண்டாம். ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் உயர் அழுத்தப் பம்ப் வரை போகும்; டீசல்தான் அந்தப் பம்ப்பின் உராய்வைக் குறைக்கும் எண்ணெயும், பெட்ரோல் அதைக் கழுவிவிடும். கியரை நியூட்ரலில் போட்டு, பங்க் ஊழியரைக் கூப்பிட்டு, ஓரமாகத் தள்ளி நிறுத்துங்கள். டேங்கை வந்து காலி செய்து தரும் ஆட்கள் இருக்கிறார்கள், இருநூறு முந்நூறு பவுண்டில் முடியும். என் மனைவி செய்ததும் இதைத்தான். பதற்றத்தில் காரை ஓரமாக ஓட்டிப்போய் நிறுத்தலாம் என்று நினைத்தவள், சாவியில் கை வைத்து, எடுத்துவிட்டாள். பின்னால் நின்ற வரிசை ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் இறங்கி நின்று எனக்குப் போன் செய்தாள், கார் பிழைத்தது.